பையோடு வந்தவன்

என் மனைவி என்னை வீட்டைவிட்டு அனுப்பப்போகிறாள் என்று போன வருடம் மாசியிலிருந்து வைகாசி வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று அதற்கு அடியில் இருந்தது. கதைப் புத்தகமும் தத்துவப் புத்தகமும் நிறையப் படித்தவனுக்கு மனிதரைப் படிப்பது லேசு என்று நினைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து என்னைப் படுத்திய பாட்டை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. பிரஷர் குளிசையை ஒன்றுக்கு இரண்டாகப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் தொழிலைச் சொன்னால் வெட்கம் இன்னும் கூடும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு அளவையியல் ரியூஷன் எடுக்கிறேன். வெல்லாவெளிப் பக்கத்தில் 'லொஜிக் சேர்' என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். தப்பான நியாயத்துக்கு அளவையியலில் போலி என்று பெயர். போலி எத்தனை வகைப்படும், ஒவ்வொன்றையும் எப்படிக் கழுத்தில் பிடிப்பது என்று எழுதி அழித்து எழுதி அழித்தே என் சட்டைக் கைகள் வெளுத்துப்போய்விட்டன.

அவர்கள் காட்டும் அந்த வீடு என்னுடையது அல்ல. வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. ஆண்தான் ஒரு பையில் உடுப்பை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். நான் பெரியகல்லாற்றில் பிறந்தவன். அது வாவிக்குக் கிழக்கே, கடலோரம். சூரியன் எழும்பும் பக்கம் என்பதால் எழுவான்கரை என்போம். மேற்கே, வயல் பக்கம், படுவான்கரை. எழுவானில் பிறந்து படுவானில் குடியேறியவன் நான். வரவர மங்கிக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம் என்று வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பேன்.

நான் படித்த கதைகளில் குடும்பம் உடைந்தால் மனைவிதான் வெளியேறுவாள். மழையில் போவாள், ரயிலேறிப் போவாள், கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவாள். கணவன் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி வெறுமையான வீட்டைப் பார்த்துப் பல பக்கங்களுக்குச் சிந்திப்பான். எங்கள் பக்கத்தில் அந்தக் காட்சிக்கு வழியே இல்லை. கதவு அவளுடையது. கதிரையும் அவளுடைய அப்பா செய்வித்தது. சாத்துவது அவளாகவும் வெளியே நிற்பது நானாகவும் இருந்தால், வெளியே நிற்கிறவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பெரிய எழுத்தாளரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

எல்லாம் சுவர் கட்டும் ஒரு மேசனால் தொடங்கியது. மாசியில் அறுவடை முடிந்தால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் சுவர் எழுப்பும் ஆசை வரும். ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தபோது மேசன் ஒருவர் வீட்டுக்குப் பின்னால், எங்கள் பின்வளவில், நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார். என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டேன். அக்கா சொன்னா, அளக்கிறன் என்றார். அக்கா என்றது என் மனைவியை. எதற்கு என்று அக்கா சொல்லவில்லையா என்றேன். சொன்னதாகவும், அதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னதாகவும் சொல்லிவிட்டு, மிகுந்த நேர்மையோடு தொடர்ந்து அளந்தார்.

அந்தக் கிழமையே என் புத்தகங்கள் அலுமாரியிலிருந்து இறங்கின. மனைவி அவற்றை உரபேக்குகளில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாழ்வின் பொருள் பற்றிய நூல்கள் எல்லாம் யூரியாச் சாக்கில் தலைகீழாகக் கிடந்தன. கறையான் வருகிறது என்றாள். கறையான் எங்கே என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கறையான் இல்லாத அலுமாரியில் கறையான் என்று ஒருத்தி சொன்னால் அதற்குப் பின்னால் என்ன இருக்கும்? படிக்காதவன் என்றால் கறையான் என்றே நம்பியிருப்பான். படித்தவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிறகு அவள் பேசுவது குறைந்தது. கோபமாக இருந்தாலாவது எனக்குப் பழக்கமான இடத்தில் நின்றிருப்பேன். கோபம் இல்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி தந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இடையிடையே முன்வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்பாள். நான் வருவதைக் கண்டால் கையை எடுத்துவிடுவாள். இதையெல்லாம் நான் கதைகளில் கண்டிருக்கிறேன். முடிவெடுத்துவிட்ட பெண் இப்படித்தான் அமைதியாக இருப்பாள். முடிவெடுக்காதவள்தான் சண்டை பிடிப்பாள்.

கடைசியாகத் தொலைபேசி. குசினிக்குள் அடுப்படியில் நின்று அவளுடைய அண்ணனுடன், அதாவது என் மச்சானுடன், பேசிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் முகத்தில் சவர்க்காரத்தோடு நின்றேன். கண்ணை மூடியிருந்ததால் காது நன்றாக வேலை செய்தது.

"சடங்கு முடியட்டும் அண்ணன். மறுகா அவருக்குச் சொல்லுவம். மறுகா இந்த வீட்டுல இரிக்க ஏலாதுதானே."

மறுகா என்றால் எங்கள் பேச்சில் பிறகு. சடங்கு என்றது வைகாசியில் வரும் அம்மன் கோயில் சடங்கு. இந்த வீட்டில் இருக்க முடியாது. யார்? அவள் சொல்லவில்லை. நான் சவர்க்காரம் கண்ணுக்குள் போகப் போக 'அவர்' என்று நிரப்பிக்கொண்டேன். எழுவாய் இல்லாத வாக்கியத்தில் எழுவாயைப் போடும்போது ஒருவன் யாரைப் போடுவான்? தன்னைத்தான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் 'மனிதன் பகுத்தறிவுள்ள விலங்கு' என்று எழுதிவிட்டு நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை, சேர் அதில் பிழை இருக்கிறதா என்று கேட்டது. இருக்கிறது என்றேன். எங்கே என்றது. ஆராய்ந்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

தத்துவத்தை உதவிக்குக் கூப்பிட்டேன். மனிதன் இயல்பில் நல்லவன் என்போர் ஒரு கட்சி, தன்னலக்காரன் என்போர் மறு கட்சி. காலையில் மனைவி எனக்கு மட்டும் முட்டை பொரித்துத் தந்தால் முதற்கட்சியில் சேர்ந்தேன். மத்தியானம் அவள் என்னைக் கண்டதும் தொலைபேசியை முந்தானைக்குள் மறைத்தால் மறு கட்சிக்குத் தாவினேன். எங்கள் அரசியல்வாதிகள்கூட அவ்வளவு சுறுக்காகக் கட்சி மாறியதில்லை. நம் கையில் இல்லாததைப் பற்றிக் கலங்காதே என்று சொல்லும் ஞானிகளையும் முயன்று பார்த்தேன். மூச்சை இழுத்துவிட்டு, என் கையில் என்னென்ன இருக்கின்றன என்று யோசித்தேன். வீடு இல்லை, வளவு இல்லை, கதிரை இல்லை. உரபேக்கில் கொஞ்சம் புத்தகம் இருந்தது. கலக்கம் கூடிவிட்டது.

கதைகள் இன்னும் மோசம். சந்தேகப்படும் கணவர்கள் எத்தனை பேரைப் படித்திருக்கிறேன். கைக்குட்டையைக் கண்டு, நிழலைக் கண்டு, ஒரு சிரிப்பைக் கண்டு தம்மைத்தாமே நெருப்பில் போட்டுக்கொண்டவர்கள். ஒவ்வொருவனையும் மடையன் என்று நினைத்துத்தான் பக்கத்தைப் புரட்டினேன். அத்தனை பேரும் பிழை, நான் ஒருவன் மட்டும் சரி என்று இப்போது தோன்றியது. அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்ததே. மேசன்.

இன்னொரு குறையையும் அப்போதுதான் கண்டேன். கதைக்காரர்கள் காத்திருப்பதை எழுதுவதில்லை. 'சில மாதங்கள் கழிந்தன' என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அந்தச் சில மாதங்களில் அந்த ஆள் எத்தனை தடவை பல் விளக்கினான், பக்கத்தில் இருந்து எப்படிச் சோறு தின்றான், மனைவி தும்மினால் எந்தக் குரலில் என்ன கேட்டான் என்பதெல்லாம் எங்கும் இல்லை. நான் அந்த ஒற்றை வரிக்குள் குடியிருந்தேன்.

எங்கள் பக்கம் சேலை கொண்டுவந்து விற்கும் காத்தான்குடிக்காரர் ஒருவர் எனக்குக் கூட்டாளி. அவருடைய வான் வண்டி எங்கள் வாசல் படலையில் நின்ற ஒருநாள், மனைவி அவரிடம் பெரிய பொதி ஒன்றை வாங்கி, என்னைக் கண்டதும் அவசரமாக உள்ளே கொண்டுபோனாள். நான் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு என்ன வாங்கினாள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார்.

"அது அமானிதம் சேர். ஒரு பொம்புளை நம்பிச் சொன்னத நான் பறையக் கூடா. அல்லாஹ் நல்லதத்தான் நாடுவான், நீங்க பயப்புடாதீங்க."

பயப்படாதே என்று ஒருவர் சொன்னபின் பயப்படாமல் இருக்க முடியுமா? அவர் கண்ணில் நான் கண்டது அனுதாபம் என்று முடிவுகட்டினேன். சிரிப்பை அடக்குகிறவனின் கண்ணும் அனுதாபப்படுகிறவனின் கண்ணும் ஒரே மாதிரி இருக்கும் என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை.

இந்த இடத்தில் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அப்போது நினைத்தேன். எங்களுக்கு ஒரே மகள். தாதியாக வேலை பார்க்கிறாள். முந்திய வருடம் ஒரு சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எல்லாரும் தேத்தண்ணிக்குக் காத்திருந்த நேரத்தில், பையனை இலேசாக்கலாமே என்று நான் அளவையியலில் உள்ள பழைய புதிர் ஒன்றை அவனிடம் போட்டேன். 'நான் சொல்வதெல்லாம் பொய் என்று நீங்கள் சொன்னால், அது உண்மையா பொய்யா?' பையன் யோசித்தான். அவன் தாய் யோசிக்கவில்லை. தன் பிள்ளையைப் பொய்யன் என்று சபையில் வைத்துச் சொல்லிவிட்டார் என்று எழும்பினாள். தேத்தண்ணி வருவதற்குள் வீடு காலியாகிவிட்டது. மகள் என்னைப் பார்த்து, "அப்பா, உண்மை பொய் கிடக்கட்டும், அந்தப் பலகாரத்தையாவது சாப்பிட விட்டிரிக்கலாம்" என்றாள். மச்சான்தான் வெற்றிலை வட்டாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தாய்மாமன் அப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

சடங்கு நெருங்கியது. பின்வளவில் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. கோழிக்கூடு என்றாள் மனைவி. கோழிக்கூட்டுக்கு யன்னல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மரியாதையாக அனுப்பினால் பின்வளவில் அந்தக் கூட்டிலாவது இருக்கலாம், முழுதாக அனுப்பினால் அதுவும் இல்லை என்று இரண்டையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மானம் தலைதூக்கியது. வெளியே போடப்படுவதற்கு முன் நானே வெளியேறிவிட்டால்? எங்கள் பகுதி வரலாற்றிலேயே கதவைச் சாத்திக்கொண்டு போன முதல் ஆண் நானாக இருக்கலாமே.

பையை எடுத்தேன். உடுப்பை வைத்தேன். பெரியகல்லாற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். போகாதே என்பாள், ஏன் என்பாள், குரலாவது உடையும் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லம். ஆறுதலா நிண்டுட்டு வாங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

கதவைச் சாத்த மறந்துவிட்டேன். திரும்பிப் போய்ச் சாத்த வெட்கமாக இருந்தது.

மண்டூரில் வாவியைக் கடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளும் சனமும் ஏறிப்போகும் பெரிய மிதவை அது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே பாதை. பாதை வந்துவிட்டதா, பாதை போய்விட்டதா என்றுதான் கேட்போம். ஞானிகள் எல்லாரும் தேடிய பாதையில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு மறுகரை சேர்ந்தேன். மனதில் ஒரு தெளிவும் ஏற்படவில்லை. பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் சூடு முழங்காலில் பட்டதுதான் மிச்சம்.

பெரியகல்லாற்று வீடு நான் பிறந்த வீடு. இப்போது அது தங்கச்சியுடையது. அவள் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். அலுமாரியிலிருந்து பூப்போட்ட பீங்கானை எடுத்துத் துடைத்தாள். நான் வந்தால் அவள் எப்போதும் செய்வதுதான். அன்றைக்குத்தான் அந்தப் பீங்கானை உற்றுப் பார்த்தேன். அது விருந்தாளிக்கு வைக்கும் பீங்கான். அவளுடைய மனிசன் எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார். அவரும் ஒரு காலத்தில் ஒரு பையோடு அந்த வீட்டுக்குள் வந்தவர்தான். இறால் குழம்பு பிரமாதமாக இருந்தது. எத்தனை நாள் நிற்பீங்க அண்ணன் என்று அவள் அன்பாகக் கேட்டாள். அன்பாகக் கேட்டாலும் அது அந்தக் கேள்விதானே. மனிதன் இந்த உலகத்தில் வீடற்றவன் என்று தத்துவக்காரர்கள் எழுதுவதை வாசித்து அதன் ஆழத்தை வியந்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆண்கள் அதைக் கலியாண வீட்டுச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியவர்கள் என்று அன்றுதான் உறைத்தது.

குளிக்கப் போகும்போது இன்னொன்று உறைத்தது. பிரஷர் குளிசையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலையே கிழக்குக் கரையில் உள்ள குருமண்வெளித் துறையில், பாதைக்காக, பையோடு நின்றேன். துறையில் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பெரியவர் குடையின் கீழ் நின்றார். அவரும் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். நான் கிழக்கே நடந்தால் அவர் மேற்கே நடப்பார். இரண்டு மூன்று தரம் முட்டிக்கொள்ளப் பார்த்தபின் இருவரும் மரநிழலில் நின்று பேசத் தொடங்கினோம்.

அக்கரையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்றார். மகனுக்குப் பேச்சு முற்றாகிவிட்டது, நேற்றுத்தான் திடீரென்று இன்றைக்கு வருகிறோம் என்று சொன்னார்கள் என்றார். நல்ல விஷயம்தானே என்றேன். அவர் வாவியைப் பார்த்தார்.

"நல்லம்தான் தம்பி. ஒரே பையன். அவனும் ஒரு பையத் தூக்கிட்டு அக்கரைக்குப் போகப்போறான். நானும் அப்பிடி வந்தவன்தான். அப்ப ஒண்டும் தெரியல்ல. நம்மட புள்ள போற எண்டா வேற மாதிரிக் கிடக்கு."

பற்று என்பது எப்படித் துன்பத்துக்குக் காரணமாகிறது என்று நான் அவருக்கு விளக்கினேன். பிள்ளை நமக்குச் சொந்தமல்ல, எதுவும் நமக்குச் சொந்தமல்ல என்றேன். மிக நன்றாகப் பேசினேன். அவருடைய துக்கம் எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது. கதை வாசித்தால் பிறர் துன்பம் நம் துன்பமாகும் என்பார்கள். உண்மைதான், வாசிக்கும்போது ஆகிறது. ஒரு கற்பனைக் கிழவனுக்காக நான் புத்தகத்தை மூடிவைத்து அழுதிருக்கிறேன். பக்கத்தில் நின்ற நிசக் கிழவர் மூக்கைத் துடைத்தபோது, இவர் எப்போது முடிப்பார், என் பாட்டை எப்போது தொடங்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

தொடங்கினேன். மேசன், கறையான், தொலைபேசி, சேலைப் பொதி, யன்னல் வைத்த கோழிக்கூடு. ஒன்றையும் விடவில்லை. பாதை அக்கரையிலிருந்து கிளம்பி வருவது தெரிந்தது. நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். அனுப்பப்போவதாக மனைவி வாய்திறந்து சொன்னாளா என்று அவர் கேட்டார். இல்லை, நானே கண்டுபிடித்தேன் என்றேன். எப்படி என்றார்.

"லொஜிக்" என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். படிப்பிக்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். வெல்லாவெளிப் பக்கமா என்றார். ஓம் என்றேன். பெண்பிள்ளை இருக்கிறதா என்றார். ஒரே மகள், பாவம், அவளை நினைத்தால்தான் கவலை என்றேன். அவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. எனக்காக ஒருவர் அழுகிறார் என்று என் கண்ணும் கலங்கியது.

பாதை துறையில் முட்டியது. முதலில் வெற்றிலை வட்டாவோடு மச்சான் இறங்கினார். பின்னால் வாழைக்குலை. அதற்குப் பின்னால் புதுப் பட்டுச்சேலையில் என் மனைவி, மாமிமார் இரண்டு பேர். அந்தக் கணத்திலும் என் மூளை கைவிடவில்லை. பத்திரம் எழுதும் நொத்தாரிசைப் பார்க்கப் போகிறார்கள், என்னை எழுத்திலேயே அனுப்பப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நொத்தாரிசுக்கு வாழைக்குலை எதற்கு என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் மெதுவாக, மிக மெதுவாக, வெளித்தது.

மனைவி என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள்.

"குளிசைய விட்டுட்டுப் போயிட்டீங்க. ஆரிட்டயாவது பெரியகல்லாத்துக்குக் குடுத்தனுப்புவம் எண்டு கொண்டுவந்தன்."

மச்சானின் முகம் வெளிறிவிட்டது. அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பெரியவர் சால்வையை இறக்கினார். அவர் அழுதிருக்கவில்லை.

"என்ன சம்மந்தி, விரதம் முடிஞ்சிட்டுதா?" என்று என்னைக் கேட்டார்.

என்ன விரதம் என்று நான் கேட்க, மனைவி தலையைக் குனிந்தாள். பெண்ணின் தகப்பன் ஏன் ஒரு பேச்சுக்கும் வருவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருக்கிறார்கள். அவர் அம்மனுக்கு நேர்த்தி வைத்து மௌன விரதம் இருக்கிறார், சடங்கு முடியும்வரை வாய்திறக்கமாட்டார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான் ஊரில் இல்லாத நாள் பார்த்துக் கடைசிப் பேச்சை முடித்துவிட, நேற்று என் பை படலையைத் தாண்டியதும் மச்சானைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த மௌன விரதக்காரன்தான் துறையில் நின்று பெரியவரின் காதைத் தின்றிருக்கிறான்.

பாதைக்காரர்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். என் மகளின் கலியாணம் அந்தத் துறையில் ஒரு குடைக்குக் கீழே நின்றது. ஏற்கெனவே ஒன்றைக் கெடுத்தவன். இம்முறை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, வெறுமனே பேசியே கெடுத்துவிட்டேன் என்று எண்ணியபோது, அத்தனை நாள் பட்ட பயம் எல்லாம் வெறும் விளையாட்டாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல் வரவில்லை.

பெரியவர் குளிசைப் பொட்டலத்தை என் மனைவியிடமிருந்து வாங்கி என் கையில் வைத்தார்.

"இதப் போடுங்க முதல்ல. பையக் கண்டு இவ்வளவு பயப்புடுறவரு என்ட மகன்ட பைய நல்லாப் பாத்துக்குவாரு. வாங்க, வீட்ட போவம்."

அன்று பகல் முழுவதும் அவர்கள் வீட்டில் நான் உண்மையாகவே மௌன விரதம் இருந்தேன். தலையாட்டினேன், சிரித்தேன், பலகாரம் சாப்பிட்டேன். மாப்பிள்ளைப் பையன் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, குனிந்து, "மாமா, அந்தப் பொய்க் கேள்வி என்ன எண்டு உங்கட மகள் சொன்னா. விடை என்ன?" என்று கேட்டான். மச்சான் வட்டாவை இறுக்கிப் பிடித்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"சடங்கு முடியட்டும்" என்றேன். "மறுகா சொல்றன்."

திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது. பாதையில் மனைவி என் பக்கத்தில் நின்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அதற்கு விடை தெரியும். இந்த வீட்டில் இருக்க ஏலாது என்று மச்சானிடம் சொன்னது யாரைப் பற்றி என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு அந்தப் பேச்சே முதலில் நினைவுக்கு வரவில்லை.

"நாமதான். வேற ஆரு? மகளுக்கு வீட்டக் குடுத்தா நாம பின்னுக்குத்தானே போகணும். என்ட அம்மாவும் அப்பாவும் போன மாதிரி."

போனார்கள். நான் பையோடு வந்த அன்று, என் மாமனார் கட்டிலைக் கழற்றிப் பின்வளவுக் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போனதை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். மகள் கலியாண வயதில் நிற்க, பின்வளவில் மேசன் நூல் பிடித்தால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் தேத்தண்ணிக் கடையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. நான் புத்தகங்களைக் கேட்டேன். புத்தகங்கள் நான் கேட்டதற்குத்தான் பதில் சொல்லின. என்னைப் பற்றி மட்டும்தான் நான் கேட்டிருந்தேன்.

நிலையைப் பிடித்துக்கொண்டு ஏன் நின்றாய் என்றேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் அந்த வீட்டுலதான் பொறந்தன். ஒரு நாளும் பை கட்டினதில்ல. ஒரு வீட்ட விட்டுட்டு எப்பிடிப் போற எண்டு எனக்குத் தெரியா. உங்களுக்குத் தெரியும்தானே."

பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அவளுக்குக் கிட்டப் போய் நின்றேன்.

ஆவணியில் மகளுக்குக் கலியாணம் நடந்தது. வீடு அவள் பெயருக்கு எழுதப்பட்டது. அதற்கு முதல் கிழமை நாங்கள் பின்வளவு வீட்டுக்கு மாறினோம். கோழிக்கூடு என்று சொல்லப்பட்ட அதில் ஒரு அறை, ஒரு குசினி, இரண்டு யன்னல். மனைவி தன் சேலைகளை என் பழைய பைக்குள் மடித்து வைத்தாள். குசினிக் கதவால் போனால் எட்டி வைத்தால் வந்துவிடும் தூரம்தான். அவள் முன்வாசலால் இறங்கி, நிலையில் ஒரு தரம் கையை வைத்து எடுத்துவிட்டு, வேலியோரமாகச் சுற்றிப் பின்னுக்கு வந்தாள். நான் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன். மற்றப் பக்கத்தை மச்சான் பிடித்தார். புத்தகங்கள் இன்னும் உரபேக்கில்தான் இருக்கின்றன.